மூளைக்குள் கொழுப்பு போகும் வழி

மீன் எண்ணெய் மாத்திரை விளம்பரங்களில் டிஎச்ஏ, டிஎச்ஏ என்று கூவுகிறார்களே, அந்த ஒமேகா-3 கொழுப்பு மூளைக்குள் எப்படிப் போகிறது என்று யாராவது சொல்கிறார்களா? மூளை ரத்தக்குழாய்களின் சுவர் ரொம்ப இறுக்கம், கண்டதையும் உள்ளே விடாது. 2014-இல் சிங்கப்பூர் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் டேவிட் சில்வர் குழு வழியைக் கண்டுபிடித்தது: எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம் (பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்!). லைசோபாஸ்படிடைல்கோலின் என்ற கொழுப்பு மூலக்கூறின் வடிவில் வரும் டிஎச்ஏவைச் சோடியத்தின் துணையோடு இது உள்ளே கடத்துகிறது. இது இல்லாத எலிகளுக்கு மூளை சிறுத்துப்போனது.

எனக்குப் பிடித்தது அடுத்த கதைதான். இந்தப் புரதம் மூளையின் நுண்குழாய்களில் (மிக மெல்லிய ரத்தக்குழாய்கள்) நிறைய, அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனிகளில் கிடையாது. இது இருக்கும் இடத்தில் செல் சவ்வின் கொழுப்பு மாறிவிடும். கேவியோலே என்ற குட்டிக் குழிகள் உருவாகாது. நுண்தமனிக்கோ நன்றாக விரிய அந்தக் குழிகள்தான் தேவை. எலியின் மீசையைத் தூண்டினால் அதற்குரிய மூளைப்பகுதியில் நரம்புகள் சுறுசுறுப்பாகும். உடனே நுண்தமனி விரிந்து அங்கே ரத்தம் கூடும். ஹார்வர்டில் செங்குவா கூ குழு 2020-இல் நுண்தமனியிலும் இந்தப் புரதத்தை வலிந்து புகுத்திப் பார்த்தது. கேவியோலே காணாமல் போனது, விரிவும் மந்தமானது.