கொழும்பில் மாமாவோடு அடிக்கட்டை பார்த்த நாள்

கொழும்புக்குப் போய்வந்தவர்கள் காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம் என்று படம் போடுவார்கள். என் போனில் இருப்பதெல்லாம் வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள். காரணம் மாமா. வவுனியாப் பக்கக் காடுகளில் முப்பது வருசம் பாலை, முதிரை மரங்களை விழுத்தின மனிதர், இப்போது கண்ணில் படலம். கண் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் விடிய ஐந்து மணிக்கே வரிசையில் நின்றோம், எட்டரைக்கு ஒருவர் வந்து டொக்டர் இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவோ, "சரி விடு தம்பி, எங்கையாவது மரம் நிக்கிற இடமாப் பாத்துப் போவம்" என்றார்.

வெள்ளவத்தைக்கு வந்து ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு, 100ஆம் நம்பர் பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் இறங்கினோம். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலமை, மழைக்குள், லிபர்ட்டி பிளாசாவுக்குக் கிட்ட, தெனியாயப் பக்கம் போன பஸ் மேல் பெரிய மரம் விழுந்து 5 பேர் இறந்தது இந்த டூப்ளிகேஷன் வீதியில்தான். அதற்குப் பிறகு நகரத்தில் ஆபத்தான மரங்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். அதனால் கறுவாத்தோட்டம், விகாரமகாதேவிப் பூங்கா என்று நடந்தால் நிழலும் கிடைக்கும், இடைக்கிடை அடிக்கட்டையும் கிடைக்கும்.

முதலில் அகப்பட்டது நடைபாதையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கட்டை. முழங்கால் உயரம், நாலு பேர் உட்காரலாம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். கண் சரியில்லை என்பதால் கையால்தான் பார்த்தார், நகத்தை வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார். இடையில் விரல் தடுக்கியது. அரை அங்குலப் படி. "வாள் மரத்தின்ர அகலத்துக்கு நீளம் காணாது. ரெண்டு பக்கத்தாலயும் அரிஞ்சிருக்கிறாங்கள், ரெண்டும் சந்திக்கேல்லை." அப்புறம், "இது விழுத்தின மரமில்லை, மேலயிருந்து துண்டு துண்டா இறக்கினது" என்றார். எப்படித் தெரியும் என்றால், பிணைச்சல் இல்லையாம்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நின்ற மரத்தை விழுத்தும்போது, விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய் திறந்தமாதிரி ஒரு ஆப்பு எடுப்பார்கள், மரக்குறுக்கில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றிலொன்று ஆழம். பிறகு பின்பக்கத்தால், அந்த வாயின் மூலைக்கு ஓரிரு அங்குலம் உயரத்தில் அரிந்துகொண்டு வருவார்கள். முழுக்க அரியக் கூடாது. இடையில் விடுகிற கீற்றுத்தான் பிணைச்சல், கதவுக்கு இருப்பது போலவே. மரம் சாயும்போது அதுதான் பிடித்துத் திருப்பி இறக்கும். 2 அடி மரத்துக்கு இரண்டரை அங்குலமாவது வேண்டும். அறுத்துத் தள்ளிவிட்டால் மரம் தன்பாட்டுக்குப் போகும். விழுத்தின கட்டையில் பிணைச்சல் நின்ற இடத்தில் நார் பிய்ந்து தூரிகைபோல நிற்கும். வீதிக்கட்டையில் அது கிடையாது, வெறும் சப்பட்டை.

அந்தத் தூங்குமூஞ்சிக் கட்டையின் நடுவில் கறுத்த பொந்து இருந்தது, கை முழங்கை வரை போனது. வீதிப்பக்கமாக வேரே இல்லை, குழாய்க்கோ வயருக்கோ கிடங்கு வெட்டினவர்கள் நேர்கோட்டில் நறுக்கிவிட்டார்கள். மரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூங்காவைச் சுற்றிவிட்டு ஒரு குறுக்குத் தெருவால் வரும்போதுதான் விசயம். அடுக்குமாடி கட்டப்போகிற வெற்றுக்காணி, உள்ளே பலாக்கட்டை, வைரம் பாய்ந்த நடுமரம் மஞ்சள் மஞ்சளாக. (பலா வெட்ட அனுமதி எடுக்கவேண்டும், 1951ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, ஈரப்பலாவும் பெண்பனையும் அதில் அடக்கம். எடுத்தார்களா என்று கேட்க நாங்கள் யார்?) நிலத்திலிருந்து நாலு அங்குலந்தான் உயரம். பலா காசு மரம், அடியில் ஒரு சாண்கூட வீணாக விடமாட்டார்கள்.

மாமா விரலை வைத்ததும் சிரித்தார். பிணைச்சல் இருந்தது, இடப்பக்கம் மூன்று விரல் தடிப்பு, வலப்பக்கம் ஒரு விரல். தடித்த பக்கத்து நார் சாண் நீளத்துக்குப் பிய்ந்து நின்றது. "வலப்பக்கம் ஏதோ இருந்திருக்கு. மரம் அங்க சரிய, இவன் இடப்பக்கம் கூட விட்டு இழுத்து எடுத்திருக்கிறான். வேலை தெரிஞ்ச ஆள்." நான் நிமிர்ந்து பார்த்தேன். மின்சார வயர், மதிலுக்கு மேலாக, நேர் வலப்பக்கம்.

இதையெல்லாம் அவர் கற்றது இலேசாக இல்லை. முன்சாய்ந்த பாலை ஒன்றுக்கு வாயை ஆழம் காணாமல் எடுத்துவிட்டுப் பின்னால் அரிய, பாதியிலேயே தண்டு நெடுக்காகப் பிளந்து பின்துண்டு உதைத்து எழும்பியிருக்கிறது. தாடையில் தழும்பு இன்னும் உண்டு. அந்தக் கட்டையில் கதிரைச் சாய்வுபோல ஒரு பலகை நிமிர்ந்து நின்றதாம், யார் போனாலும் காட்டிச் சிரிப்பார்களாம்.

காவலாளி வந்து மரம் வாங்கவா என்று சிங்களத்தில் கேட்டார். மாமா கட்டையைத் தட்டி, "ஹொந்த வெட" (நல்ல வேலை) என்றார். அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். காவலாளி வயரைக் காட்டித் தலையை ஆட்டினார்.

மறுநாள் டொக்டர் வந்தார். சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். மாமா இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.