பாட்டிக்கு ஒரு காகிதம்

"தியாகி பேரு?" என்று கேட்டார் எழுத்தர். பாட்டி பெயரைச் சொன்னேன். "இது சம்சாரம் பேருங்க. தியாகி பேரச் சொல்லுங்க." சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முதல் நாளே இப்படித்தான் விடிந்தது.

தாத்தா ஐ.என்.ஏ.காரர், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், தியாகி பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு பாட்டிக்கு வந்தது, தியாகியின் விதவை என்ற கணக்கில். ஆனால் பாட்டியும் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவர். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் தொடங்கிய அந்தப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான் அதிகம். தாத்தா சிறையில் இருந்ததால் சக கைதி சான்று கிடைத்தது. பாட்டியையோ படை கலைந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறை இல்லை, அதனால் காகிதமும் இல்லை.

பாட்டி படையில் இருந்ததற்குத் தாத்தாவின் பென்ஷன் கோப்பிலாவது ஏதாவது இருக்குமா என்று ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அதில் சிக்கல் இல்லை. நாற்பதாம் நாள் ஒற்றை வரியில் பதில்: "இவ்வலுவலகத்தில் கோப்பு இல்லை." எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். 1997இல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது ஊரோடு கோப்பும் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு இது உறைக்கவில்லை, சரி, அவர்களுக்குமா? ஆர்டிஐ சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் அவர்களேதான் உரிய இடத்துக்கு மனுவை அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் மனுவில் அந்தப் பிரிவையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் நாமக்கல்லுக்கு மூன்று நடை. வாரிசு சான்று கொண்டுபோகாததால் ஒரு நடை வீண். இன்னொன்று, நகல் மட்டும் கேட்காதீர்கள், கோப்பைப் பார்வையிட வேண்டும் என்றும் எழுதுங்கள். நகல் மட்டும் கேட்டிருந்தால் பென்ஷன் உத்தரவோடு முடித்திருப்பார்கள்.

சணல் கயிறு கட்டிய கோப்பு, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. 1972இல் மத்திய அரசுத் திட்டம் வந்ததும் தாத்தா எழுதிய மனு உள்ளே இருந்தது. நாலாவது பத்தி: "என் மனைவியும் ஜான்சி ராணிப் படையில் பணி செய்தவர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: "தேவையில்லை."

முத்திரை வைத்த நகல் இப்போது கையில் இருக்கிறது. அந்தச் சிவப்பு மட்டும் கறுப்பாக வந்திருக்கிறது. கலர் ஜெராக்ஸ் கேட்டேன், அங்கே கிடையாதாம்.