வெள்ளை விழுந்த கட்டி

எங்கள் ஐஸ் ஆலையில் கட்டியின் நடுவே வெள்ளை விழுந்தால் அது குறை. படகு வைத்துத் தொழில் செய்யும் சம்மாட்டிமார் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்கள். "தம்பி, இது காற்றுக் கட்டி. கடலில் நாலு நாள் தாங்காது. கண்ணாடிக் கட்டியாகப் பார்த்துத் தா" என்று திருகோணமலைத் திருக்கடலூர் அண்ணை ஒருவர் பதினெட்டு வருடங்களாக என்னிடம் சொல்லி வருகிறார்.

வெள்ளை விழுவது இப்படித்தான். தகர அச்சில் நீரை நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறோம். குளிர் நான்கு பக்கத்திலிருந்தும் உள்ளே ஏறுகிறது. நீர் உறையும்போது தன்னில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் வைத்துக்கொள்ளாது, நடுவுக்குத் தள்ளிவிடும். கடைசியாக உறையும் நடுப்பகுதியில் எல்லாம் குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க இரவு முழுக்கச் சிறு குழாயால் காற்றை ஊதி நீரைக் கலக்கிக்கொண்டே இருப்போம். ஒரு சாண் அகலம் மிஞ்சும்போது அந்த அழுக்கு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல நீர் ஊற்றுவோம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குச் செய்கிற வேலை அது. கண் அயர்ந்தால் காலையில் ஏச்சு.

நாங்கள் இப்படி விரட்டுகிற குமிழியைத் தேடி, அண்டார்க்டிகாவில் கிலோமீட்டர் கணக்கில் பனியைத் துளைக்கிறார்கள் என்று முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. அன்றிலிருந்து கையில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன்.

அங்கே பனிக்கட்டி பிறக்கும் விதமே வேறு. நீர் உறைந்து வருவதில்லை. விழுந்த பனித்தூள் உருகாமல் கிடக்க, அதன்மேல் அடுத்த வருடத்துத் தூள், அதற்குமேல் இன்னொன்று. துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று, பாரம் ஏற ஏற நெருக்கப்பட்டு, ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்தில் குமிழியாக மூடிக்கொள்கிறது. அந்தக் காலத்துக் காற்று அப்படியே உள்ளே. பிரான்சின் பனி ஆய்வாளர் கிளோட் லோரியஸ் 1965இல் அண்டார்க்டிகாவில் வேலை செய்தபோது, ஆழத்திலிருந்து எடுத்த பனித்துண்டு ஒன்றைத் தன் விஸ்கியில் போட்டார். அது உருக உருகக் குமிழிகள் வெடித்து வெளியேறுவதைப் பார்த்துத்தான், இது பழைய காற்றாயிற்றே, அளந்து பார்க்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

ரஷ்யர்களின் வொஸ்டாக் நிலையத்தில் 1998இல் 3,623 மீட்டர் வரை துளைத்தார்கள். நான்கு லட்சத்து இருபதாயிரம் வருடத்துப் பனி. பிறகு ஐரோப்பியர்கள் டோம் சி என்னும் இடத்தில் எட்டு லட்சம் வருடங்களை எட்டினார்கள். அந்த எட்டு லட்சம் வருடத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 170 பங்கிலிருந்து 300 பங்குக்குள்தான் ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்ணை முதலில் கண்டபோது தாளில் எழுதி இயந்திர அறைச் சுவரில் ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என்னைப் பிடித்து வைத்திருப்பது எண்கள் மாத்திரமல்ல, அவர்களின் கைப்பக்குவம். அச்சிலிருந்து கழற்றிய கட்டியில் உடனே வெந்நீர் பட்டால் படார் என்று வெடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கேயும் அப்படி ஒரு பகுதி உண்டு. ஆழம் கூடக் கூட அழுத்தம் தாங்காமல் குமிழிகள் மறைந்து, காற்று பனிப்படிகத்துக்குள்ளேயே புகுந்துவிடும். குமிழிகள் அப்படி மறையத் தொடங்கும் இடைப்பகுதியின் பனியை மேலே கொண்டு வந்ததும் தொட்டால் நொறுங்கும். ஆகவே மாதக்கணக்கில் அசைக்காமல் குளிரிலேயே கிடக்க விடுகிறார்கள். துளைத்த குழியோ தன்பாட்டில் நெருங்கி மூடப் பார்க்கும், பனி மெல்ல நகர்வதால். மண்ணெண்ணெய் போன்ற உறையாத திரவத்தை நிரப்பி அதைத் தாங்கவைக்கிறார்கள். இதையெல்லாம் யார் முதலில் யோசித்தாரோ, அவர் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வொஸ்டாக்கில் 1982 ஏப்ரலில் மின்னாக்கி இருந்த கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஒருவர் இறந்தார். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் விமானம் வர வழியில்லை. மிஞ்சியவர்கள் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அடுப்புச் செய்து, மாதக்கணக்கில் அங்கேயே உயிரைக் காத்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் அதே இடத்தில்தான் பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை பதிவானது. மின்னாக்கியோடு வாழ்கிற எனக்கு அந்த இரவு கண்முன்னே வருகிறது.

2022இல் மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது எங்கள் தொட்டி முழுவதும் இளகிப்போனது. வெளியே கச்சான் காற்று அனலாக வீச, பாதி உறைந்த கட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் ஓடி வடிகானுக்குப் போனதை நின்று பார்த்தேன். எங்களுக்கு இரண்டு நாள் உழைப்புத்தான் நட்டம். கனடாவில் 2017இல் ஒரு பல்கலைக்கழகத்தின் குளிரறை பழுதாகி, உள்ளே வெப்பம் 40 பாகைக்கு ஏற, துளைத்தெடுத்து வைத்திருந்த ஆர்க்டிக் பனித்தூண்களில் ஒரு பங்கு உருகித் தரையில் நீராகக் கிடந்தது. ஆயிரக்கணக்கான வருடத்துப் பனி, திரும்ப உறையவைத்தாலும் வராது. அந்தச் செய்தியை வாசித்து அழுதேன்.

2025 ஜனவரியில் ஐரோப்பியக் குழு அண்டார்க்டிகாவின் அதே டோம் சி பகுதியில் 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டது. பன்னிரண்டு லட்சம் வருடங்களாவது இருக்குமாம். கப்பலில் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகையில் வைத்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒருநாள்கூட இளகவிடாமல்.

போன வாரம் அண்ணை வந்திருந்தார். வெள்ளை விழுந்த கட்டி ஒன்றைத் தள்ளி வைத்திருந்தேன். இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவர் அதைச் சாக்கில் போர்த்தித் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இப்போது எங்கள் வள்ளம் விடுகிற புகையும் அங்கே போய் மாட்டுமா, தம்பி?"

"ஓரிரு வருடத்தில் காற்றோடு கலந்து அங்கேயும் போய்விடும் அண்ணை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காற்றுக் கட்டியை லொறியில் தானே ஏற்றிக்கொண்டார்.