அம்மாவின் பெயரில் ஒரு ழகரம்

பாரிஸ், சுவிட்சர்லாந்து போய் வந்து மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் ஒரு வரி எழுதவில்லையே என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஈஃபில் கோபுரம், லூசர்ன் மரப்பாலம் எல்லாம் அப்புறம் வரும். முதலில் பேப்பர் கதையை எழுதி முடித்தால்தான் எனக்கு மனசு ஆறும். பயணம் 10 நாள், பேப்பர் வேலை 5 மாதம்.

போனது நானும் அம்மாவும் மட்டும். அப்பாவைக் கூப்பிட்டதற்கு முட்டி வலி, குளிர் ஆகாது, போதாக்குறைக்கு மாடு இப்போதுதான் கன்று போட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக் கழன்றுகொண்டார். அம்மாவுக்கு 64 வயது, கும்பகோணம் பக்கம். தாத்தா அந்தக் காலத்துத் திராவிட இயக்கக்காரர், வடமொழிப் பெயரே கூடாது என்று ழகரம் வருகிற மாதிரி ஒரு தமிழ்ப் பெயரைப் பெண்ணுக்கு வைத்தார். அந்த ழ அறுபது வருஷம் கழித்துப் பேத்தியின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அம்மாவின் பழைய பாஸ்போர்ட் 2014இல் எடுத்தது, சிங்கப்பூருக்கு ஒரு முறை போனதோடு பீரோவில் தூங்கி 2024இல் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்கலாம் என்று பேப்பர்களை எடுக்கச் சொன்னேன். ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். எஸ்எஸ்எல்சி புத்தகம், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக், என்னுடைய பிறப்புச் சான்றிதழ், நடுவில் 1998 வருஷத்து கேஸ் ரசீது வேறு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அம்மா வேறு வேறு ஆள். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் தாத்தாவின் இனிஷியல், ஆங்கிலத்தில் ழவுக்கு வெறும் இசட். ஆதாரில் அப்பாவின் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, ழவுக்கு எல். பேங்க்கில் இனிஷியல் முன்னால், ழவுக்கு இசட் ஹெச். பழைய பாஸ்போர்ட்டில் இசட் ஹெச்தான், ஆனால் இனிஷியலே கிடையாது, ஏனென்றால் பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள். விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். 2014இல் விட்டுவிட்டார்கள். ஆக, குடும்பப் பெயர் என்கிற கட்டம் காலி, கொடுக்கப்பட்ட பெயர் என்கிற கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

பிறந்த தேதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று பாட்டி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் ஜூன் 1. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும், சேர்க்க ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், ஆகவே ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டுப் பிறக்க வைத்துவிட்டார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். நல்லவேளை, எல்லாப் பேப்பரிலும் அதே பொய் ஒரே மாதிரி இருந்ததால் அதில் ஒரு வம்பும் வரவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதை விட எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

முதல் வேலையாக ஆதாரில் எழுத்தைத் திருத்தினோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும், அதனால் கம்ப்யூட்டரில் அடிக்கிறவர் பக்கத்திலேயே நின்று இசட், ஹெச் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து பாஸ்போர்ட். ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பி, 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் சேவா கேந்திராவில் நாள் வாங்கினோம். விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பெரிய விவாதம். இதுதான் சமயம், குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைச் சேர்த்துவிடலாம் அம்மா, வெளிநாட்டில் இந்த ஒற்றைப் பெயரால் ரொம்பத் தொல்லை என்று எடுத்துச் சொன்னேன். 2022 நவம்பரில் அமீரகம் விசிட் விசாவில் வருகிற ஒற்றைப் பெயர்க்காரர்களை அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னதும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று பிறகு விளக்கம் தந்ததும் நினைவிருக்கும். அதையும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கப்பா பேரைப் போடறதா, உங்கப்பா பேரைப் போடறதா?" என்றார். பொதுவாகப் புருஷன் பெயர் போடுவார்கள் என்றேன். "அவர் பேர்தான் கடைசிப் பக்கத்துல இருக்கே, அதுக்கு மேல என்ன? என் பேரு இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா ஒரு பக்கத்தைப் புரட்டினார், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் சுலபமாகவே வந்தது. டோக்கன், ஏ கவுண்டர், பி கவுண்டர், சி கவுண்டர், ஒன்றரை மணி நேரத்தில் வெளியே. எஸ்எஸ்எல்சி பாஸ் செய்திருந்ததால் ஈசிஆர் முத்திரைப் பேச்சும் இல்லை. பத்தாவது தாண்டாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும், அதைக் காட்டுகிற குறிப்பு அது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி விசா. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, இப்போது 29 நாடுகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. லண்டன் இரண்டிலும் இல்லை, ஆகவே "அப்படியே இங்கேயும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று லண்டனில் இருக்கும் சித்தி மகள் சொன்னதற்குத் தனி விசா, தனிப் பணம், தனித் தலைவலி என்று மறுத்துவிட்டேன். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கிற நாடு. எங்களுக்கு பிரான்சில் 5 இரவு, சுவிஸில் 4, ஆகவே பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. கோடை விடுமுறைக்கு எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் நாள் கிடைப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது மாதிரி, காலையில் காபிக்கு முன்னால் தளத்தைத் திறந்து பார்த்துவிடுவேன். மே மாதப் பயணத்துக்கு மார்ச் நடுவில் ஒரு நாள் மாட்டியது.

விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்வியே குடும்பப் பெயர். இரண்டாவது கேள்வி, பிறக்கும்போது இருந்த குடும்பப் பெயர். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிறக்கும்போது எனக்குப் பேரே இல்லையேடி, பதினாறாம் நாள்தானே வெச்சாங்க" என்றார். பாஸ்போர்ட்டில் இருக்கிற ஒரே சொல்லைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டோம். விமான டிக்கெட் தளமோ இரண்டு கட்டமும் நிரப்பாமல் நகரவே மாட்டேன் என்றது. அந்த விமான நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டதில் பெயரை இரண்டு முறை போடச் சொன்னார்கள். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்காமல் போடாதீர்கள்.

எனக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். அம்மாவுக்கு அவருடைய சொந்தப் பெயரேதான். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால் நாங்கள் இருவரும் பஸ்ஸில் பழகியவர்கள் மாதிரித்தான் இருக்கும். அம்மாவின் செலவை நான் ஏற்கிறேன் என்று கடிதம் கொடுப்பதால் உறவு முறைக்கு ஆதாரம் வேண்டும். என் பிறப்புச் சான்றிதழ், பேரூராட்சி தந்தது, தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கக் கோர்ட் வாசலுக்குப் போனோம். அங்கே இருந்த வக்கீல் மஞ்சப்பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, கூடவே ஒரு பிரமாணப் பத்திரமும் போட்டுவிடுங்கள் என்றார். இந்த இந்தப் பெயர்களில் குறிப்பிடப்படும் மூவரும் ஒரே நபர்தான், அது நான்தான் என்று முத்திரைத்தாளில் எழுதி அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

"நான்தான் நான்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

வக்கீல் சிரிக்காமல் ஆமாம்மா என்றார். அம்மா அந்த ழவைச் சுழித்து அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மற்ற பேப்பர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் நாம் திரும்புகிற தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுக்கச் செல்லுபடியாகிற மாதிரி. ஆபீஸில் லீவு கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட். ஸ்டேட்மென்ட்டில் முத்திரை கேட்டால் பேங்க்கில் "ஆன்லைன்லயே வருமே மேடம்" என்பார்கள், விடாமல் நின்று வாங்குங்கள். விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின வாரம் யாரிடமோ கடன் வாங்கிக் கணக்கில் மூன்று லட்சம் போடுகிற வேலை வேண்டாம், மாதா மாதம் வந்து போகிற பணத்தைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள், திடீரென்று குதிக்கிற தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஓட்டலை ரத்து செய்யக்கூடிய விதத்தில் நிஜமாகவே புக் செய்யுங்கள். போலி புக்கிங் தருகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போட்டோ மட்டும் தனிக் கதை. 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி. எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணன் பாசத்தில் அம்மாவின் முகத்தை இரண்டு சுற்று வெள்ளையாக்கி, கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டார். சென்னையில் விசா மையத்தில் கவுண்டரில் இருந்த பெண் போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு எடுத்துக்கொண்டு வாங்க என்றார். அங்கேயே காசு கொடுத்து எடுத்தோம், மச்சத்தோடு. விரல் ரேகையும் லேசில் விழவில்லை. 40 வருஷம் புளி கரைத்துப் பாத்திரம் தேய்த்த விரல், கண்ணாடியில் வைத்தால் மெஷின் ஒன்றுமே இல்லை என்கிறது. ஈரத் துணியால் துடைத்து, அழுத்தி, நாலாவது முறை விழுந்தது. ஒரு முறை கொடுத்த ரேகை 59 மாதம் அவர்களிடம் இருக்குமாம், அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இருபது நாளில் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. விசா ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒன்று இருக்கும், எத்தனை நாள் தங்கலாம் என்று இன்னொன்று. எங்களுடையதில் தேதிகள் நடுவே கிட்டத்தட்ட நான்கு வாரம், தங்குவது மட்டும் 12 நாள். பயணம் தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் அந்த உபரி, கூட இருந்துவிட்டு வருவதற்கு இல்லை.

பெட்டி கட்டும்போது அம்மா வைத்த நெய் டப்பாவையும் பால்கோவாவையும் நான் எடுத்து வெளியே வைத்தேன், வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பருப்புப் பொடி பிழைத்தது. பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டேன்.

பாரிஸ் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி முன்னால் அம்மா மஞ்சப்பையையே எடுத்து வைத்துவிட்டார். பிரமாணப் பத்திரம், மொழிபெயர்ப்பு, காப்பீடு, எல்லாம் தயார். அந்த ஆள் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார், பத்து என்றேன், டொக்கென்று முத்திரை குத்தினார். அம்மாவுக்கு ஏமாற்றம். "இவ்வளவு கொண்டுவந்தோம், ஒண்ணையும் பார்க்கலையே." அந்த முத்திரைக்கும் அப்புறம் முடிவு கட்டத் தொடங்கிவிட்டார்கள். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகமும் ரேகையும் பதிவு செய்கிற முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நாங்கள் போனது மே.

ஓட்டல் வரவேற்பில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை அப்பாவின் பெயரைச் சொல்லி, மேடமோ மிஸ்ஸோ ஏதோ ஒட்டிக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, மாட்டைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு உங்கப்பா இங்க வந்து நிக்கறார்." சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போகிற வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபின் பெயர் இரண்டு முறை அச்சான போர்டிங் பாஸ், எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்குள் போய்விட்டது. போன வாரம் அத்தை போன் செய்தார், அவருக்கும் போக வேண்டுமாம், என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டார். முதலில் எஸ்எஸ்எல்சி புத்தகத்தைத் தேடுங்கள் அத்தை என்றேன். எட்டாவது வரைதான் படித்தாராம். பழைய டி.சி. ஏதாவது கிடைக்குமா என்று கேட்க மாமா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்.