அடுப்படிக்கு ஒயர் இழுத்த கதை

கோபியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் அடுப்படியைப் போன வருசம் பிரித்து வேலை செய்தோம். மேடை, டைல்ஸ் எல்லாம் முடிவான பிறகுதான் ஒயரிங் ஞாபகமே வந்தது. அதுவரை அடுப்படி முழுக்க ஒரே லைன். இண்டக்சன் ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் ஃபீஸ் போகும். அப்பா கொஞ்சம் தடித்த கம்பியாகப் பார்த்து ஃபீஸ் கட்டையில் சுற்றிவிடுவார், அப்புறம் போகாது. அது எவ்வளவு பெரிய தப்பு என்பது சுவரைக் கொத்தியபோதுதான் தெரிந்தது. பைப்புக்குள்ளிருந்து உருவிய ஒயரின் மேல்தோல் கருகிப்போய், விரல் பட்டாலே அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

எலக்ட்ரீசியன் வந்ததும், "எத்தனை பிளக் வேணுமுங்க?" என்றார். எட்டு என்றேன். அம்மா விடவில்லை. "எட்டோ பத்தோ இருக்கட்டும், காலைல ஏழு மணிக்கு எதெல்லாம் ஒண்ணா ஓடும்னு கேளுங்க." அங்கேதான் கணக்கு மாறியது. இண்டக்சன் 2000 வாட்ஸ், கெட்டில் 1500, மிக்ஸி 750. மொத்தத்தை 230 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியருக்கு மேல் போகிறது. பழைய ஒயரோ 1.5 சதுர மில்லிமீட்டர். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போடுவது.

இண்டக்சனுக்குத் தனியாக 4 சதுர மி.மீ. ஒயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச்) போட்டோம். மேடைப் பிளக்குகளுக்கு 2.5-இல் இரண்டு லைன். மிக்ஸி ஒன்றில், கெட்டில் இன்னொன்றில். பிரிட்ஜுக்குத் தனி லைன், வேறு எது ட்ரிப் ஆனாலும் பால் கெடக் கூடாதே. கிரைண்டர் பிளக்குக்கு மட்டும் அம்மா மாவாட்டும் இடத்தில் உட்கார்ந்து, கை எட்டிய இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். டைல்ஸ் ஒட்டும் முன்பு பைப் போகும் வழியை டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் ஆணி அடிக்கும்போது அதுதான் காப்பாற்றியது.

எங்காவது கரண்ட் கசிந்தால் உடனே தானே விழுந்து லைனை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே, கிரைண்டரைப் போட்டதும் வீடே இருட்டு. "ஆர்சிசிபி கோளாறுங்க, எடுத்துரலாமுங்க" என்றார் எலக்ட்ரீசியன். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கிரைண்டருக்கு மட்டுமே விழுந்தது.

அம்மா சாவகாசமாக, "அது ரொம்ப நாளா சுருக்குன்னுதான் இருக்கும் கண்ணு. செருப்புப் போட்டுக்குவேன்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய பிளக்கில் எர்த் ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. மோட்டாரில் கசிந்த கரண்டுக்கு இறங்க அம்மாவை விட்டால் வேறு வழியில்லாமல் இருந்திருக்கிறது.

மோட்டாரை ரீவைண்டிங் கடையில் கொடுத்து வாங்கி வந்தோம். சுவிட்சைப் போட்டோம், விழவில்லை. அம்மா புறங்கையால் கிரைண்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரிசியைப் போட்டார்.