பன்னிரண்டு வருஷமா, இருபது வருஷமா: நான் கிளாட் தேர்வுக்குப் படித்த கதை

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. வாய்தா, வக்காலத்து, நகல் மனு, தடையுத்தரவு எல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அதனால் சட்டம் படிப்பது என்று முடிவானபோது, பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

2023 ஜனவரியில் நான் பிளஸ் ஒன். அப்பா வேலை பார்க்கும் இடத்தில் ஜூனியராக இருந்த அக்காதான் கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வைப் பற்றி முதலில் சொன்னார். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். பெங்களூரு, ஐதராபாத், திருச்சி போன்ற இடங்களில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2008-க்கு முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வாம். இப்போது பெரும்பாலானவற்றுக்கு ஒரே தேர்வு. "எழுதிப் பாரு பாப்பா, காசு நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா.

முதல் மாதிரித் தேர்வை அம்மாவின் போனில் டைமர் வைத்து எழுதினேன். அப்போது 150 கேள்வி, இரண்டு மணி நேரம். 94 கேள்விக்கு விடை போட்டேன். 52 சரி, 42 தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் கால் மதிப்பெண் போகும் என்பதால் கையில் நின்றது 41.5. மீதி 56 கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

காரணம் ஆங்கிலம். ஐந்து பகுதி உண்டு: ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணக்கு. எல்லாவற்றிலும் முதலில் ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். பத்தி என்றால் சில இடத்தில் 450 சொல் வரை போகும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். நான் தமிழ் வழியில் படித்தவள். ஒரு பத்தியைப் படித்து முடிக்கவே எனக்கு ஏழு நிமிடம் ஆனது. கேள்வி ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத தேர்வில் ஏழு நிமிடம்.

இது புரியாமல் முதல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களையும் லத்தீன் சொற்களையும் மனப்பாடம் செய்தேன். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, விதி பத்தியிலேயே இருக்கும் என்று தேர்வு நடத்துகிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தும் நான் நம்பவில்லை. இப்போது தொடங்குகிறவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன், மனப்பாடத்தைக் கீழே வையுங்கள்.

ஏப்ரலில் முறையை மாற்றினேன். கிளை நூலகத்தில் தினமும் சாயங்காலம் தி இந்து தலையங்கம் ஒன்று. படிக்கும்போது அகராதியைத் தொடக்கூடாது. முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, இவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று தமிழில் இரண்டே வரி எழுத வேண்டும். பிறகுதான் தெரியாத சொல்லைத் தேடலாம். முதல் வாரம் ஒரு தலையங்கத்துக்கு ஒரு மணி நேரம் போனது. எழுதிய இரண்டு வரியும் பல நாள் தப்பு. "ஆனால்" என்று அவர் திரும்பும் இடத்தைக் கவனிக்காமல், அவர் மறுக்கும் கருத்தையே அவர் கருத்தாக எழுதியிருப்பேன். ஆகஸ்டில் அதே ஒரு மணி நேரத்தில் மூன்று முடிந்தது. வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இந்த அளவுக்கு உதவவில்லை. இதற்கிடையில் கேள்விகளை 120 ஆகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. மெதுவாகப் படிக்கிற எனக்கு அது பெரிய ஆறுதல்.

சட்டத் தர்க்கத்தில் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு பயிற்சித் தாளில், அடுத்தவர் நிலத்தை இருபது ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தவருக்கு அது உரிமையாகும் என்று பத்தியில் ஒரு கற்பனை விதி. பதினான்கு ஆண்டு அனுபவித்தவருக்கு உரிமை உண்டா என்பது கேள்வி. நான் யோசிக்கவே இல்லை, உண்டு என்று போட்டேன். தனியார் நிலத்துக்கு அனுபவப் பாத்தியதை பன்னிரண்டு வருஷம் என்பது சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது. விடை தப்பு. அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நிஜத்துல நீ சொன்னதுதான் சரி. ஆனா ஜட்ஜு முன்னால என்ன சட்டம் இருக்கோ அதை வச்சுத்தானே தீர்ப்பு சொல்வாரு" என்றார். அந்த வாரமே எதிர்ப்பக்கமாகவும் ஒரு தப்பு. பதினேழு வயதுப் பையன் வயதை மறைத்துக் கடன் வாங்குகிறான். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது கொடுத்த விதி. பொய் சொன்னவன் காசைத் திருப்பித் தருவதுதானே நியாயம் என்று அப்படியே போட்டுவிட்டேன். 1903-லேயே மோஹரி பீபி வழக்கில் இதே மாதிரி ஒரு சூழ்நிலையில் கடன் கொடுத்தவர் தோற்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு தப்பு நோட்டு போட்டேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: நான் என்ன போட்டேன், பத்தியில் எந்த வரி அதைத் தடுக்கிறது, நான் ஏன் அங்கே போனேன். மூன்றாவது கட்டத்தில் "வீட்டில் கேட்டது", "பாவமாக இருந்தது", "கடைசி வரி படிக்கவில்லை" என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன.

ஒரு நாள் பயிற்சிப் பத்தியில் சிவகாசி என்ற பெயர் வந்தது. அங்குள்ள தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கு, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டியவர். அடுப்படியில் போய் அதைத் தமிழில் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு, "எங்களைப் பத்தி அவ்வளவு பெரிய கோர்ட்டுல பேசினாங்களா?" என்று கேட்டார். பிறகு வலது கையின் கட்டைவிரலைக் காட்டி, பசை காய்ந்து காய்ந்து தோல் உரியும் என்றார். அந்தப் பத்தியின் கேள்விகளுக்கு அன்று நான் விடை போடவில்லை. ஏன் சட்டம் படிக்கப் போகிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அடுப்படிதான் ஞாபகம் வரும்.

தேர்வு 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் 2 முதல் 4 வரை. மதுரையில் சென்டர். காலையிலேயே அப்பாவும் நானும் பஸ் ஏறிவிட்டோம். திருமங்கலம் தாண்டும்வரை நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கம் புயல் வருகிறது என்று பஸ்ஸில் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் முதலில் சட்டத் தர்க்கம், அப்புறம் கணக்கு, நடப்பு நிகழ்வுகள்; ஆங்கிலத்தையும் பொதுத் தர்க்கத்தையும் கடைசிக்கு வைத்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பிவிட்டேன். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விட்டு, மாதிரித் தேர்வில் ஒருமுறை பதினோரு வட்டம் காலியாகப் போனது. 110 கேள்விக்கு விடை போட்டேன். 80 சரி, 30 தப்பு, 72.5.

மறு வாரமே அரையாண்டுத் தேர்வு இருந்ததால் கிளாட்டைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. அதிகம் பேர் சொல்லாத ஒன்று, கலந்தாய்வில் கட்ட வேண்டிய பணம். இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கே அந்த வருஷம் 20,000 ரூபாய். சீட் கிடைத்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்றாலும், குறுகிய நாளுக்குள் கட்ட வேண்டும். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். விண்ணப்பக் கட்டணத்தோடு இதையும் சேர்த்து முன்பே எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் எனக்குத் திருச்சி கிடைத்தது.

தப்பு நோட்டு இப்போது எதிர் வீட்டு மகாவிடம் இருக்கிறது. அவளும் தமிழ் வழிதான். போன வாரம் போன் செய்து, "அக்கா, இந்த இருபது வருஷக் கேள்வில நானும் உண்டுன்னுதான் போட்டேன்" என்றாள். அவள் அப்பா பத்திரம் எழுதுகிறவர்.