போகவில்லை, டிட் நாட் கோ

பக்கத்து வீட்டுத் தங்கச்சி மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பிழை கண்டுபிடிக்கும் கேள்வி என்றாலே அவளுக்குப் பயம். தப்பாகக் குறித்தால் அரை மார்க் போகும்.

நேற்று அவள் எழுதிய வரி: 'ஐ டிட் நாட் வென்ட்.' அடித்துத் திருத்த மனசு வரவில்லை. "இதைத் தமிழ்ல சொல்லுடா" என்றேன். "நான் போகவில்லை." "அதுல 'போனேன்' இருக்கா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லக்கா, 'போக'தான் இருக்கு." அவ்வளவுதான். 'போக'வில் காலம் கிடையாது. அதேபோல ஆங்கிலத்தில் 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிடுகிறது, பின்னால் வெறும் 'கோ' போதும். அவளே வெட்டிவிட்டு எழுதினாள்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் இப்படித்தான். 'என் நண்பர்களில் ஒருவர்' என்று பன்மையில்தானே சொல்கிறோம்? அப்போது 'ஃப்ரெண்ட்ஸ்'. ஆனால் வினை அந்த ஒருவருக்கு, அதனால் 'இஸ்'.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று பேசிப் பழகிய வாய்க்கு 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்' தானாக வரும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு 'அபௌட்' வேண்டாம். 'சீனியர்' வந்தால் 'தேன்' கிடையாது, 'டு'. இதையெல்லாம் மனப்பாடம்தான் பண்ணணும்.

தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் தப்பாகிறது என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தம். இன்றைக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது 'ஆல்தோ'வும் 'பட்'டும்.